தார்வீதியில் நின்ற கார்

எழுபத்து நான்காம் ஆண்டு, சோழகக் காற்றுத் தொடங்கியிருந்த நாட்களில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஊர்காவற்றுறையில் பெற்றோல் செட்டில் என் முறை வரும்வரை காத்து நின்றபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. முதல்நாள்தான் விலை மறுபடியும் ஏறியிருந்தது. அங்கே நின்ற கார்க்காரர் எல்லோரும் ஏசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அராபியரை ஏசினார். ஒருவர் அரசாங்கத்தை ஏசினார். இன்னொருவர், பெற்றோல் அடிக்கிற மனிசனே விலையை ஏற்றியதுபோல அவரைப் பிடித்து ஏசினார். நான் ஏசவில்லை. என் கண் என் காரின் பின்சில்லில் இருந்தது. சில்லின் இடுக்கெல்லாம் வெள்ளை மணல்.

சட்டென்று பொறி தட்டியது. என் காரில் பெற்றோலைக் குடிப்பது தார்வீதி இல்லை, இந்த மணல்தான்!

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் சரவணை. வயது இருபத்திரண்டு. உயர்தரத்தில் கணிதம் படித்தேன், சோதனையும் பாஸ். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. ஐயாவுக்குக் கண்பார்வை குறைந்தபிறகு அவருடைய வாடகைக் கார், ஒரு பழைய ஒஸ்ரின், என் கைக்கு வந்தது. எதைக் கண்டாலும் அளந்து பார்க்கவேண்டும், கழற்றிப் பார்க்கவேண்டும் என்ற குணம் சின்ன வயதிலிருந்தே என்னிடம் உண்டு. சும்மா இருக்க ஏலாத பேர்வழி.

அன்று மத்தியானமே பரிசோதனையைத் தொடங்கிவிட்டேன். பெற்றோல் தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, ஒரு போத்தலில் பெற்றோலை அளந்து ஊற்றி, அதைப் பொனற்றுக்குள் கயிற்றால் கட்டி, அந்தப் போத்தலில் இருந்தே எஞ்சின் உறிஞ்சும்படி செய்தேன். இப்போது நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஐயா வேலிப் படலையில் நின்று, "இவன் பொனற்றுக்குள்ள குண்டு கட்டிக்கொண்டு ஓடுறான்! ஆரும் கிட்டப் போகாதேங்கோ!" என்று ஊருக்கே அறிவித்தார். அந்தப் போத்தலோடு தார்வீதியில் ஐந்து மைல் ஓடியது கார். அதே அளவு பெற்றோலோடு வீடுகளுக்குப் போகும் மணல் ஒழுங்கைகளில் முதலாம் கியரில் உறுமி உறுமிப் போனபோது இரண்டு மைல்கூடத் தாண்டவில்லை. கொப்பியில் எழுதி இரண்டு தரம் கோடிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து என் ஓட்டமே மாறிவிட்டது. தார்வீதியை விட்டு ஓர் அடிகூட இறங்குவதில்லை. ஒழுங்கை வாசலில் நிறுத்துவேன், ஆட்கள் இறங்கி நடக்கவேண்டும். ஐந்து பத்து நிமிட வேலைக்கு எஞ்சினை நிறுத்துவதும் இல்லை. என்னுடைய ஒஸ்ரின் மறுபடி ஸ்ராட் எடுப்பதற்குள் இருமி, செருமி, கறுப்புப் புகை விட்டுத்தான் எழும்பும், அதற்கே நிறையப் பெற்றோல் போகும் என்பது என் நம்பிக்கை. வெறும் சீற்றோடு ஓடுவதும் இல்லை. பட்டணத்துக்குப் போனால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டுதான் திரும்புவேன். காரில் இடம் போதாவிட்டால் அவர்களுடைய பைகளை முதல்நாளோ அடுத்த நாளோ தனியாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அரிசிச் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்த ஒரு பெரியவர் திரும்பி நின்று கேட்டார்: "தம்பி, நான் உம்மடை காரை வாடகைக்குப் பிடிச்சனானோ, இல்லாட்டி உம்மடை கார் என்னை வாடகைக்குப் பிடிச்சதோ?" நானும் சிரித்தேன். மனதுக்குள் எனக்கு ஒரே புளுகம், அப்படி ஒரு சந்தோஷம். மற்றக் கார்கள் எல்லாம் வீட்டில் நிற்க, என்னுடையது ஓடுகிறதே!

அடுத்த திங்கட்கிழமைதான் அது நடந்தது.

புங்குடுதீவு மடத்துவெளியில், கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிற ஓர் அண்ணை இருக்கிறார். நல்ல பகிடிக்காரர். விலை ஏறுவதற்கு முந்திய கிழமை அவருக்கு வயிற்றுக் குத்து வந்து, நான்தான் அவரைப் பட்டணத்து ஆசுப்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். குடல்வால் என்று சொல்லி அன்றைக்கே வெட்டி எடுத்துவிட்டார்கள். அவருடைய மனைவி (நான் அவவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) மூன்று மாதக் கைக்குழந்தையோடு இருந்தபடியால் ஆசுப்பத்திரிப் பக்கம் வரவே முடியவில்லை. அக்காவின் தமையன்தான் இடைக்கிடை பஸ்சில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவார். சனி, ஞாயிறு அவரும் போகவில்லை.

திங்கள் காலை வேறொருவரை ஆசுப்பத்திரியில் இறக்கியபோது நான் வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணை கட்டிலில் சாய்ந்திருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "ஐசே, நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டை விடுகினம். மனிசியிட்டைச் சொல்லி ஒரு நல்ல வேட்டி சேட்டு வாங்கி வாரும்" என்றார். நான் உடனே என் திட்டத்தைச் சொன்னேன். நாளைக்கு நாலு பேரோடு வருவதால் இடம் நெருக்கம். அவருடைய சாமான்களை இன்றைக்கே தந்துவிடட்டும். அவர் சிரித்துக்கொண்டே, ஆசுப்பத்திரிக்கு வந்த அன்று போட்டிருந்த சேட்டு, குடை, பிளாஸ்க் எல்லாவற்றையும் ஒரு பையோடு என் கையில் தந்தார். "இண்டைக்குப் பாதி ஆளைக் கொண்டுபோம். மிச்சப் பாதி நாளைக்கு வரும்" என்றார்.

வாணர் பாலத்தைக் கடந்து மடத்துவெளிக்கு வரப் பதினொன்றரை மணி இருக்கும். தார்வீதியில் இருந்து அவர்களுடைய வீட்டுக்கு நூறு யார் தூரத்துக்கு மணல் ஒழுங்கை. வழக்கப்படி வாசலில் நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க இறங்கி, பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு கெதியாக நடந்தேன். எஞ்சின் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் சிரிப்பு இருந்திருக்காது.

அக்கா முற்றத்துக் கொடியில் குழந்தையின் துணிகளைக் காயப் போட்டுக்கொண்டு நின்றார். நான் தார்வீதியில் இறங்கியபோதே கண்டிருக்கவேண்டும். படலையடிக்கு நான் வந்தபோது கையில் நனைந்த துணியோடு அசையாமல் நின்றார்.

"ஏன் தம்பி அங்கை நிக்கிறீர்? உள்ளுக்கு வாருமன்."

"இல்லை அக்கா. உள்ளுக்கு வர நேரமில்லை. கார் ஸ்ராட்டிலை நிக்குது."

"ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு..."

"தண்ணியும் வேண்டாம் அக்கா. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்கக் கூடாது. அண்ணை..." என்று சொல்லிக்கொண்டே பையையும் குடையையும் படலைக்கு மேலால் நீட்டினேன்.

அவ்வளவுதான்.

அக்காவின் கண் என் முகத்திலிருந்து பைக்கு வந்தது. பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சேட்டுக் கையில் நின்றது. பிறகு எனக்குப் பின்னால், தூரத்தில், தார்வீதியில் நின்று நடுங்கிக்கொண்டிருந்த காருக்குப் போனது. ஈரக்கையைத் தூக்கி நெற்றிப் பொட்டை ஒரே இழுப்பாக வழித்தார். சிவப்பு, புருவம்வரை இழுபட்டது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. ஒரு மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே மணலில் விழுந்தார். பல்லுக் கிட்டி, நினைவு தப்பிப் போய்விட்டது.

நான் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். "அக்கா! அண்ணை சுகமாய் இருக்கிறார்! நாளைக்கு வாறார்!" என்று கத்தினேன். என் கத்தலும் அந்தக் குழறலோடு சேர்ந்துதான் பக்கத்து வளவுகளுக்குக் கேட்டிருக்கிறது. இரண்டு நிமிடம் இராது, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தார்வீதியில் நின்ற காரைப் பார்த்தார்கள், மணலில் கிடந்த குடையைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து குழறி அழத் தொடங்கிவிட்டார்கள்.

சேலையால் கட்டிய ஏணைக்குள் குழந்தை வீரிட்டது. யாரோ தண்ணீர் தெளித்தார்கள், யாரோ சாவிக் கொத்தைக் கையில் வைத்து அழுத்தினார்கள். அக்காவுக்கு நினைவு திரும்பியது. ஆனால் எழும்பி இருந்தவர் யாரையும் பார்க்கவில்லை. குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தபோது கைகள் அதைப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் விட்ட குழந்தையைப் பக்கத்து வீட்டு மாமி தாங்கி எடுத்தார்.

நான் ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னேன். "அவர் கஞ்சி குடிக்கிறார், நான் இண்டைக்குக் காலமை பாத்தனான்." அந்த மாமி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை ஒருவிதமாகப் பார்த்தார். "ஓம் ராசா, ஓம். எங்கடை அவருக்கும் உப்பிடித்தான் 'சுகமாய் இருக்கிறார், ஒருக்கா வந்து பாருங்கோ' எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனவை" என்றார்.

 உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டே போகிறது!

அந்த நேரம்தான் அக்காவின் தமையன் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். வந்தவர் அழவில்லை. என்னைத் தோளில் பிடித்து வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தி, "பொம்பிளையளுக்குச் சொல்லாதையும். எனக்கு மட்டும் சொல்லும். எத்தினை மணிக்கு முடிஞ்சது?" என்று கேட்டார்.

"அண்ணை, முடியேல்லை! உயிரோட இருக்கிறார்!"

"நான் ஆம்பிளை. எனக்கு மறைக்கத் தேவையில்லை. பிள்ளை உள்ள வீடு எண்டு நீர் படலைக்குள்ளை வராமல் நிண்டனீரெல்லே, அது நல்ல வேலை."

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு உறைத்தது. 

எங்கள் தீவுகளில் செத்தவீடு சொல்லப் போகிறவர்கள் எப்படிப் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். காரைத் தெருவில் விடுவார்கள். அடுத்த வீட்டுக்கும் போகவேண்டும் என்பதால் எஞ்சினை நிறுத்துவதில்லை. ஒருவர் இறங்கிப் போய்ப் படலைக்கு வெளியே நின்று சொல்லுவார். உள்ளே கால் வைக்கமாட்டார், இருக்கமாட்டார், தண்ணீர் குடிக்கமாட்டார், போய்வருகிறேன் என்றும் சொல்லமாட்டார். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. நான் எத்தனையோ தடவை அந்த ஓட்டம் ஓடியவன். ஆனால் அப்போதெல்லாம் நான் ஸ்ரியறிங்குக்குப் பின்னால் இருந்தவன். இறங்கிப் போகிறவர் வேறு யாரோ. படலைக்கு அந்தப் பக்கத்தில் நிற்கிறவருக்கு அந்தக் கார் எப்படித் தெரியும் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. ஒரு கிழமையாகப் பெற்றோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் பழகிக்கொண்டதெல்லாம், ஒன்று விடாமல், சாவு சொல்லுகிறவனின் நடப்பு. போதாக்குறைக்கு அந்த மனிதனின் சேட்டையும் குடையையும் வேறு கொண்டுவந்து நீட்டியிருக்கிறேன்!

கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்கிறேன் என்றேன். "நல்லதுக்கு ஆக்கள் பொய்ச் சத்தியமும் செய்யிறவைதான்" என்றார் தமையன். அதற்குள் இரண்டு பேர் சைக்கிளில் வேலணைப் பக்கம் சொல்லப் புறப்பட்டுவிட்டார்கள். நான் தெருவரை ஓடி மறித்துப் பார்த்தேன். அவர்கள் என்னை விலத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்கா விறாந்தைத் தூணில் சாய்ந்திருந்தார். நெற்றியில் அந்தச் சிவப்பு இழுவை அப்படியே இருந்தது. குழந்தை பசியில் கத்திக் கத்தித் தொண்டை அடைத்து, சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து மூடியது. இரண்டு பெண்கள் பிடித்துப் பால் கொடுக்க வைத்துப் பார்த்தார்கள். அவர் மரம்போல இருந்தார். இப்படியே இந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? என் வாயால் சொல்லி இனி யாரும் நம்பப்போவதில்லை. அந்த மனிதரையே கொண்டுவந்து நிறுத்தவேண்டும். வேறு வழி இல்லை.

"நான் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று தமையனிடம் சொன்னேன்.

"நானும் வரத்தானே வேணும். பிரேதத்தைப் பாரம் எடுக்கிறதெண்டால் கையெழுத்துக் கேப்பினம்" என்று சொல்லிக்கொண்டு அவர் வந்து காரில் ஏறினார்.

அரைமணி நேரம் சும்மா ஓடிக்கொண்டு நின்ற எஞ்சின் அடுப்பாகக் கொதித்தது. அன்றைக்கு நான் ஓடிய ஓட்டத்தை அதற்கு முன்னும் ஓடவில்லை, பின்னும் ஓடவில்லை. வாணர் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்க, பழைய ஒஸ்ரின் முழுக்க நடுங்கியது. தமையன் பின் சீற்றில் இருந்தார்.  மண்கும்பான் தாண்டும்போது என்ன செய்கிறார் என்று கண்ணாடியில் பார்த்தேன். பின் சீற்றின் நீளத்தைச் சாணால் அளந்துகொண்டிருந்தார். ஒரு சாண், இரண்டு சாண், மூன்று சாண். பிறகு தனக்குத்தானே, "காலை மடக்கித்தான் ஆளைக் கிடத்த வேணும்" என்றார்.

நான் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். 

ஆசுப்பத்திரி வார்டுக்குள் நாங்கள் ஓடிப் போனபோது அண்ணை பக்கத்துக் கட்டில்காரருடைய பேப்பரை வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "என்ன மச்சான், வேட்டி கொண்டு வந்தனியோ?" என்று கேட்டார்.

தமையன் அவரைப் பார்த்தார். அவருடைய காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. அடித்த கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்து விக்கி விக்கி அழுதார். மடத்துவெளியில் அழாத மனிதர்.

நடந்ததை நான் சொல்லி முடித்தபோது அண்ணையின் முகத்தில் முதல் தரமாகப் பகிடி இல்லாமல் போனது. "பிள்ளைக்குப் பால் குடுத்தவளோ?" என்றுதான் கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கிவிட்டார்.

தாதி ஒருவர் ஓடி வந்து ஏசினார். டொக்டர் வந்தார். "நாளைக்குத்தானே போகலாம் எண்டு சொன்னனான், என்ன அவசரம்?" என்று கேட்டார். "சேர், அங்கை என்ரை செத்தவீடு நடக்குது. நான் போகாட்டில் எப்பிடி?" என்றார் அண்ணை. டொக்டர் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கன்னம் வீங்கிப்போய் நின்ற என்னைக் கடைசியாகப் பார்த்தார். தையலைச் சோதித்து, நூறு புத்தி சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்.

திரும்பி வந்த ஓட்டம் போன ஓட்டத்தைவிடக் கொடுமை. வேகமாகப் போகவேண்டும், ஆனால் குலுங்கக் கூடாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணை பல்லைக் கடித்தார். "மெல்லமாய், ஐசே. ஒரு நாளிலை ரெண்டு தரம் சாக ஏலாது" என்றார். அடுத்த நிமிடமே, "கெதியாய்ப் போமன், பிள்ளை பசியிலை கிடக்கும்" என்றார். வேலணைச் சந்தி தாண்டி, வெள்ளை வேட்டியோடு சைக்கிள் மிதித்துக்கொண்டு போன ஓர் உறவுக்காரரை முந்தினோம். அண்ணை யன்னலால் தலையை நீட்டி, "எங்கை பெரியப்பா, என்னட்டையோ?" என்று கேட்டார். அவர் சைக்கிளோடு வேலிக்குள் போய் விழுந்ததை நான் கண்ணாடியில் கண்டேன். எங்கள் மூவரில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மடத்துவெளி ஒழுங்கை வாசலில் சனம். நான் நிறுத்தவில்லை. முதலாம் கியரைப் போட்டு, விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு மணலுக்குள் இறக்கினேன். எஞ்சின் குழற, சில்லு மணலை வாரி எறிய, படலையையும் தாண்டி முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தினேன்.

அழுகை நின்றது. ஒரு வீடு நிறைந்த சனம் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

அண்ணை கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். அக்கா தூணில் இருந்து தலையைத் திருப்பினார். பார்த்தார். ஓடி வருவார் என்று நான் நினைத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் நெற்றியை மறைத்துக்கொண்டு எழும்பினார், தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் முற்றம்வரை கேட்டது.

எல்லோரும் விளங்காமல் நின்றோம். அண்ணைக்கு விளங்கியது. அவர் யாரையும் கதவடிக்குப் போக விடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்து காத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. முகம் கழுவி, பொட்டு வைத்திருந்தார் அக்கா. பொட்டு நடு நெற்றியில் இல்லாமல் இடப்பக்கம் விலகிப் போயிருந்தது. வெறும் நெற்றியோடு புருசனுக்கு முன்னால் நிற்க அவரால் முடியவில்லை. வந்து அண்ணையின் தோளைத் தொட்டார், பிறகு கன்னத்தை, பிறகு வயிற்றில் தையல் இருந்த இடத்தை. அண்ணை "ஆ!" என்றார். அந்த "ஆ"வைக் கேட்டபிறகுதான் அக்கா அழுதார்.

கதை அங்கே சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். முடியவில்லை. அந்த அதிர்ச்சியில் அக்காவுக்குப் பால் வற்றிவிட்டது. நாலு நாள் குழந்தை பால்மாவில் கிடந்தது. அப்போது பால்மா கிடைக்கிற காலமா? ஊர்காவற்றுறையிலும் பட்டணத்திலும் கடை கடையாக அலைந்து நான்தான் தேடிக் கொண்டுபோனேன். காலையும் மாலையும் அந்த ஒழுங்கைக்குள் காரை விட்டேன். ஒவ்வொரு தரமும் முற்றத்தில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, உள்ளே போய்க் கதிரையில் இருந்துவிட்டுத்தான் வாய் திறந்தேன். ஐந்தாம் நாள் பால் திரும்பியது என்று மாமி வேலிக்கு மேலால் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தத் திங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அக்கா முதன்முதல் என்னோடு பேசினார். தேத்தண்ணி தந்துவிட்டு எதிரே நின்று கேட்டார்:

"உண்மையாய்ச் சொல்லும். எங்கடை ஒழுங்கைக்குள்ளை வந்து போனால் எவ்வளவு பெற்றோல் முடியும்?"

நான் கணக்கில் கெட்டிக்காரன். மனதுக்குள் பெருக்கிப் பிரித்துப் பார்த்தேன். "இந்தத் தேத்தண்ணிக் கோப்பையிலை அரைவாசியும் வராது அக்கா" என்றேன்.

அவர் கோப்பையைப் பார்த்தார்.  என்னை ஏசியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு இன்னொரு பரிசோதனையும் செய்தேன். பொனற்றுக்குள் போத்தலைக் கட்டி, எஞ்சினைத் திரும்பத் திரும்ப நிறுத்தி ஸ்ராட் எடுத்து அளந்தேன். சும்மா ஓட விடுவதைவிட நிறுத்தி எடுப்பதற்கே பெற்றோல் குறைவு! ஒவ்வொன்றையும் அளந்தவன், அதை மட்டும் அளக்காமல் நம்பியிருக்கிறேன்.

பெற்றோல் விலை இறங்கவில்லை. இன்னும் ஏறும் என்கிறார்கள். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. புதிதாக ஒரு முறையைக் கடுதாசியில் எழுதி வைத்திருக்கிறேன். சரவணை, வேலணை, மடத்துவெளி மூன்று ஊரிலும் ஆசுப்பத்திரிக்குப் போகிறவர்களைக் கிழமையில் இரண்டு நாள் ஒரே ஓட்டமாக ஏற்றி இறக்குவது. எந்த ஒழுங்கை ஆனாலும் படலைவரை போவது, போனால் எஞ்சினை நிறுத்துவது. கணக்குச் சரியாக வருகிறது. ஆனால் கணக்குச் சரி வந்தால் போதும் என்கிற துணிவு என்னிடம் இப்போது இல்லை. அதனால் சந்தியில் ஒட்டுவதற்கு முன்பு, நாளைக் காலை அந்தக் கடுதாசியை மடத்துவெளிக்குக் கொண்டுபோய் அக்காவுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். காருக்குள் இருக்கிற எனக்குத் தெரியாத பிழை, படலைக்கு உள்ளே நிற்கிறவருக்குத்தான் முதலில் தெரியும்.